பட்டம் இழுக்கும் படகுக்கு நான் எதற்கு?

கண்ணு,

நலமா என்று கேட்டுத் தொடங்கப் போவதில்லை. முழங்கை ஆறிவிட்டதா, அதை முதலில் சொல். அந்தக் காயத்தோடு உப்புத் தண்ணீரில் இறங்கியிருக்க மாட்டாய் என்று நம்புகிறேன். இறங்கியிருப்பாய் என்றும் தெரியும். போனில் கேட்டால் "ஆறிருச்சும்மா" என்பாய். போனில் நீ எல்லாவற்றுக்கும் "சரிம்மா" சொல்கிறாய், அதற்குள் டவர் போய்விடுகிறது, அது தெரியாமல் நான் பேசிக்கொண்டே இருக்கிறேன், உன் அப்பா எதிரே நின்று, "அவன் எப்பவோ போயிட்டான், நீ யார்கூடப் பேசீட்டு இருக்கறே?" என்கிறார். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

செம்மேடு பஸ் ஸ்டாண்டில் நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லாமல் விட்டேன். "ஆவணியில நான் கிளம்பறன்னைக்கு நீ வரணும்மா. நீதான் பட்டத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். வருவியா, மாட்டியா?" என்றாய். நான் உன் பையைப் பார்த்தேன், பஸ்ஸைப் பார்த்தேன், "பார்த்துப் போ சாமி" என்றேன். அது வருவேன் என்பதும் இல்லை, மாட்டேன் என்பதும் இல்லை. அன்றிலிருந்து காலையில் எழுந்தால் மாட்டேன் என்றிருக்கிறது. மத்தியானம் காட்டில் நிற்கும்போது போனால்தான் என்ன என்றிருக்கிறது. விளக்கு வைக்கிற நேரத்தில் உன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. இப்படி ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து கையாட்டிக்கொண்டு போய்விட்டாயே, நியாயமா?

நீ செய்யப் போவது இன்னதென்று நான் புரிந்துகொண்டதை எழுதுகிறேன், தப்பென்றால் திருத்து. கடலோரத்தில் வேலை பார்த்து, சுற்றுலா வருகிறவர்களுக்குக் கயாக் ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறாய் என்பது வரைக்கும் எனக்குக் குழப்பமில்லை. பிளாஸ்டிக்கில் செய்த ஒல்லிப் படகு, மேலே மூடியிருக்கும், நடுவில் ஓர் ஆள் உட்காரக் குழி, கையில் இரண்டு முனையும் அகன்ற துடுப்பு. இடுப்புக்குக் கீழே படகுக்குள், இடுப்புக்கு மேலே வெளியில். அதுவும் சரி. துடுப்புப் போட்டால் படகு போகும், இதில் புரியாமல் போக ஒன்றுமில்லை. இப்போது துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, வானத்தில் பட்டத்தை ஏற்றி, அது இழுக்க இழுக்க, தூத்துக்குடிப் பக்கத்துக் கரையில் கிளம்பி ராமநாதபுரம் பக்கம் வரை, கரையை ஒட்டியே தனியாகப் போகப் போகிறேன் என்கிறாய். பின்னால் துணைக்கு ஒரு மீன்பிடிப் படகு வரும் என்கிறாய். அதுதான் வருகிறதே, அதிலேயே ஏறிப் போனால் என்ன என்று கேட்டேன். நீ சிரித்தாய். சிரித்தால் பதிலாகிவிடுமா?

எனக்கு மட்டும்தான் இந்தக் குழப்பம் என்று நினைக்காதே. ஆடி நோம்பிக்கு நீ வந்து, வாசலில் அந்தப் பட்டத்தை விரித்தாயே, குச்சி இல்லை, வால் இல்லை, தலையணை உறைகளை வரிசையாகத் தைத்துப் போட்ட மாதிரி ஒரு துணி. உன் அத்தை அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்ல படுதாவா இருக்குதே கண்ணு, மிளகு காயப்போட எனக்கு ஒண்ணு வாங்கிட்டு வா" என்றாள். பட்டம் என்று நீ சொன்ன பிறகும் நம்பவில்லை, கிழங்கு மூட்டைமேல் மூடலாம் என்று பார்த்தாள். உன் அப்பா வீட்டுக்குள் இருந்துகொண்டே, "மலங்காட்டுக்காரனுக்குக் கடல்ல என்ன வேலை?" என்று சுவருக்குச் சொன்னார். அதே மனுஷர் மறுநாள் டீக்கடையில், "என் பையன் காத்தைக் கட்டிப் படகு ஓட்டறானுங்க, மோட்டாரே கிடையாதுங்க" என்று பெருமையடித்திருக்கிறார். அத்தைதான் கேட்டுவிட்டு வந்து சொன்னாள். இவரிடம் நான் போய் யோசனை கேட்பதா?

உன்னை நினைத்தால் இன்னும் குழப்பம். மலையடிவாரத்துக் காரவள்ளியில் பஸ் முதல் வளைவு திரும்பும்போதே உனக்கு முகம் வெளுத்துவிடும். எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு, "இன்னைக்கு வராதும்மா, இன்னைக்கு வரவே வராது" என்பாய். அடுத்த வளைவில் என் மடியெல்லாம் நனைந்திருக்கும். கண்டக்டர் உன்னைக் கண்டாலே ஜன்னலோரம் காலி செய்து கொடுப்பார். நின்ற இடத்தில் நிற்கிற மலையிலேயே தலை சுற்றியவன், ஆடிக்கொண்டே இருக்கிற தண்ணீரில் எப்படி உட்கார்ந்திருக்கிறாய்? கேட்டால், "அது வேற, இது வேறம்மா" என்கிறாய். நான் கடலைப் பார்த்தது ஒரே தடவை, கோயில் யாத்திரை போனபோது. உன் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு காலை வைத்தேன், ஒரு செருப்பைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. கடலைப் பார்த்து நான் திட்டினேன், பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். மிச்சமிருந்த செருப்பை என்ன செய்வதென்று தெரியாமல் ஊர்வரைக்கும் கையில் கொண்டுவந்தேன். என் கடல் அனுபவம் அவ்வளவுதான், என்னைப் போய்த் தண்ணீரில் இறங்கி நில் என்கிறாய்.

சரி, பாறையில் நடந்ததற்கு வருகிறேன். அதைப் பற்றி நாம் இருவரும் சரியாகப் பேசவே இல்லை. சாமை தூற்றுகிற நம் பாறைமேல் மேற்கேயிருந்து மேகாத்து நன்றாக அடிக்கிறது, கடல்காற்றும் இதே பக்கமிருந்துதான் வரும், ஒரு தடவை ஏற்றிக் காட்டுகிறேன் என்றாய். பிடித்துவிட ஓர் ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டாய். நீ கயிற்றை இடுப்பில் மாட்டிக்கொண்டு காற்றுக்கு முதுகு காட்டி நின்றாய். நான் உனக்கு எதிரே, கயிறு நீளுகிற தூரத்தில், பட்டத்தைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். "நான் கையைத் தூக்குனதும் விட்டுரும்மா. தள்ள வேண்டாம், எறிய வேண்டாம். சும்மா விரலைத் திறந்தாப் போதும்" என்றாய். இதிலென்ன பெரிய வித்தை என்று நினைத்தேன்.

நீ கையைத் தூக்கியதை நான் பார்த்தேன் கண்ணு. பார்க்கவில்லை என்று அன்று சொன்னது சும்மா. பார்த்தேன், விடவில்லை. ஏனென்றால் அப்போது காற்று இல்லை. அந்தப் பாறையில் நின்றால் என் கைக்குத் தெரிந்தது ஒன்றுதான். முறத்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். காற்று வரும்வரை நிற்க வேண்டும். சில்வர் ஓக் மரத்து உச்சியில் சத்தம் கேட்டால் இதோ வருகிறது என்று அர்த்தம், கன்னத்தில் அடித்ததும் விட வேண்டும். காற்றில்லாத நேரத்தில் விட்டால் சாமையும் உமியும் ஒரே இடத்தில் விழும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படித்தான் நின்றிருக்கிறேன். நீ, "விடும்மா, விடு, விடு" என்று கத்தினாய். நான், "இருடா, காத்து வரட்டும்" என்றேன். காற்று தணிந்த நேரம் பார்த்துத்தான் நீ கையைத் தூக்கியிருக்கிறாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? மரத்து உச்சி இரைந்தது, கன்னத்தில் பளீரென்று அடித்தது, நான் சரியாகச் செய்துவிட்ட திருப்தியோடு விரலைத் திறந்தேன்.

பட்டம் ஒரே எம்பில் மேலே போனது. நீ நின்ற இடத்தில் நீ இல்லை. குப்புற விழுந்து, பாறையில் இழுபட்டு வந்தாய். இடுப்பிலிருந்த சிவப்புக் குமிழைத் தட்டினாயோ என்னவோ, பட்டம் காற்றை விட்டுவிட்டு, மிளகுக் கொடி ஏறிய மரத்தின்மேல் துணியாக விழுந்தது. குச்சிக்கிழங்குக் காட்டிலிருந்து உன் அப்பா ஓடிவந்தார். வந்தவர் முதலில் கொடியை அண்ணாந்து பார்த்தார், அப்புறம்தான் உன்னைப் பார்த்தார். பிள்ளையைவிடக் கொடி பெரிதாகப் போய்விட்டதா என்று உனக்கு வருத்தம், அது உன் முகத்திலேயே தெரிந்தது. அவர் கொடியைப் பார்க்கவில்லை, பார்க்கிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு அப்படித்தான் வரும்.

உன் முழங்கையைக் கழுவி மஞ்சள் வைக்கும்போது நீ சிரித்துக்கொண்டே இன்னொன்று சொன்னாயே, அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். "இதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. போன வருஷம் கூட்டாளி பிடிச்சிருந்தான். காத்து சரியில்லைன்னு எனக்கே தெரியும், இருந்தாலும் எல்லாரும் நின்னு பார்க்கறாங்களேன்னு கையைத் தூக்கிட்டேன். அவன் டக்குனு விட்டுட்டான். பட்டம் முன்னாடி தண்ணியில விழுந்து, படகு அதுமேல ஏறிக் கவுந்துருச்சு. கயிறெல்லாம் என்மேல சுத்திருச்சு. கத்தியால அறுத்துட்டு வெளிய வந்தேன்." கூழ் குடித்ததைச் சொல்கிற மாதிரி சொன்னாய். நான் மஞ்சளை அழுத்தி வைத்தேன், நீ அலறினாய். வேண்டுமென்றுதான் அழுத்தினேன். போன வருஷம் அந்த நாளில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரவில்லை. சந்தைக்குப் போயிருப்பேன், யாருடனாவது சிரித்துப் பேசிக்கொண்டிருந்திருப்பேன். அது என்னை அறுக்கிறது.

அதனால்தான் பஸ் ஸ்டாண்டில் கேட்டேன், கூட்டாளி இருக்கிறான், கடலறிந்த மீன்காரர்கள் இருக்கிறார்கள், உன்னைக் குப்புறத் தள்ளிய நான் எதற்கு என்று. நீ சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன், நீயே படித்துப் பார்.

"அவங்கெல்லாம் நான் கையைத் தூக்குனா விட்டுருவாங்கம்மா."

"விடத்தானே சொல்றே?"

"ஆமா."

"நான் விடலைன்னுதானே விழுந்தே?"

"ஆமா."

"பின்ன என்னடா?"

"நீ ஒருத்திதான்மா நான் கத்தியும் விடாம நின்னே."

டிரைவர் ஹாரன் அடித்துவிட்டார். நீ ஏறிவிட்டாய். இது என்னைப் பாராட்டியதா, குத்திக் காட்டியதா? கை தூக்கினால் நான் விட வேண்டுமா, விடக் கூடாதா? இதை ஒரு தெளிவான ஆளிடம் கேட்டாலே பைத்தியம் பிடித்துவிடும், என்னிடம் கேட்டுவிட்டுப் போயிருக்கிறாய்.

நீ போன பிறகு வீடு அப்படியே குழம்பிக் கிடக்கிறது. உன் அப்பா களியை உருட்டி வாயில் போடப்போனவர் நிறுத்தி, "ஏன், அந்தப் பட்டம் அறுந்துபோச்சுன்னா படகு நிக்குமா, போகுமா?" என்றார். "எனக்கென்னங்க தெரியும், உங்க பையனைக் கேளுங்க" என்றேன். "நான் எதுக்குக் கேக்கறேன்? சும்மா தோணுச்சு" என்று சாப்பிட்டார். அடுத்த வாய் வைப்பதற்குள், "துடுப்புப் போட்டுக் கரைக்கு வந்துருவானில்ல?" என்றார். வந்துருவான், வந்துருவான் என்றேன். எனக்கே தெரியாததை அவருக்கு உறுதியாகச் சொல்கிறேன், அவரும் நம்புகிறார். மாற்றலாகி மலைக்கு வந்திருக்கிற டீச்சரம்மா ஒருத்தர் நம் வீட்டுக்கு மிளகு வாங்க வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பிள்ளைங்களே பட்டம் மாதிரிதாங்க, நூலை விட்டுக் கொடுத்தாத்தான் மேல போவாங்க" என்றார். எனக்குச் சுள்ளென்று வந்தது. பட்டம் போனால் கடையில் வேறு வாங்கிக்கொள்ளலாம் டீச்சர் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. நல்ல மனுஷி, பாவம். காபி கொடுத்து அனுப்பினேன்.

போன வாரம் பழைய சாமை கொஞ்சம் தூசியோடு கிடந்தது, தூற்றலாம் என்று அத்தையோடு பாறைக்குப் போனேன். முறத்தைத் தூக்கிப் பிடித்தேன். காற்று வந்தது, கன்னத்தில் அடித்தது, முந்தானை பறந்தது. நான் விடவில்லை. எதிரே யாரோ கையைத் தூக்கட்டும் என்று நின்றிருக்கிறேன் போலிருக்கிறது. அத்தை, "ஏனுங்க, வந்த காத்தும் போயிருச்சு, யாரைப் பார்த்துட்டு நிக்கறீங்க?" என்றாள். "ஒண்ணுமில்ல, கை வலிக்குது" என்றேன். "நாஞ்சொன்னேனில்ல, அந்தப் படுதாவைப் பிடிச்சதுல சுளுக்கிக்கிட்டிருக்கும்" என்று எண்ணெய் தேய்த்துவிட்டாள். பார்த்தாயா? பட்டம் விடவும் வரவில்லை, சாமை தூற்றுவதும் போயிற்று. என்னை இரண்டுங்கெட்டானாக ஆக்கிவிட்டாய்.

பெற்றவள் எழுதினால் நாலு புத்தி சொல்ல வேண்டும். உனக்குக் காட்டைப் பற்றிச் சொல்லச் சொன்னால் சொல்வேன். எந்த மரத்தில் ஏணி சாத்தலாம், எந்த மழைக்கு விதை போடலாம் என்று சொல்வேன். கடலில் என்ன சொல்வது? வெறும் வயிற்றோடு போகாதே. நிறையத் தின்றுவிட்டும் போகாதே, உன் வயிறு எனக்குத் தெரியும். வெயிலுக்குத் தலையில் எதையாவது கட்டு. அந்தக் கத்தியை எட்டுகிற இடத்தில் வைத்துக்கொள். கத்தி வேண்டியிருக்கும் என்று நானே எழுதுகிறேனே, அந்த வரியை அடித்துவிடலாமா என்று பார்த்தேன், இருக்கட்டும். பின்னால் வருகிற படகுக்காரரிடம், எங்கம்மா உங்களை ரொம்ப விசாரித்தார்கள் என்று சொல். அவர் பெயரையும் எனக்குச் சொல், சாமி கும்பிடும்போது அவரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாலு பேர் நின்று பார்க்கிறார்கள் என்பதற்காக எதையும் செய்யாதே. இது ஒன்றுதான் நான் யோசித்துச் சொன்னது, மற்றதெல்லாம் வாய்க்கு வந்தது.

போகாதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அந்த வார்த்தையை எங்கே எழுதுவது என்று பார்த்துப் பார்த்து இவ்வளவு தூரம் வந்துவிட்டேன், இனி எழுதினால் நீ நம்ப மாட்டாய். அப்பாவிடம் இன்று காலையில் சொன்னேன், "நான் போறேங்க" என்று. அவர் வெளியே போய்விட்டு வந்து, "நாமக்கல்லுல இறங்கி மதுரை பஸ் பிடிக்கணுமாம். காரவள்ளி தாண்டற வரைக்கும் நீ கண்ணை மூடிக்க" என்றார். அப்போதுதான் அவரும் வருகிறார் என்று எனக்குத் தெரிந்தது. மணலிலேயே நின்றுகொள்வாராம், தண்ணீர் பக்கம் வரமாட்டாராம்.

நான் இறங்குகிறேன். முழங்கால் வரைக்கும்தான் இருக்கும் என்றாயே, அது பொய்யாக இருந்தாலும் இறங்குகிறேன். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். அங்கே மரம் கிடையாது, காற்று வருவதை எனக்கு முன்கூட்டிச் சொல்ல ஒன்றும் கிடையாது. அதனால் இந்தத் தடவை நான் காற்றைப் பார்க்கப் போவதில்லை, உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பயத்தை மறைத்துக்கொண்டு நீ நிற்கும்போது முகம் எப்படிப் போகும் என்று உன் கூட்டாளிக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அது அப்படிப் போயிருந்தால் நீ கையைத் தூக்கு, கத்து, கரையில் இருக்கிறவர்கள் எல்லாம் சிரிக்கட்டும், நான் விட மாட்டேன். பட்டத்தைச் சுருட்டிக்கொண்டு கரையேறிவிடுவேன், நீயும் பின்னாலேயே வர வேண்டியதுதான். இதற்குத்தான் கூப்பிட்டாய் என்றால் சரியான ஆளைத்தான் கூப்பிட்டிருக்கிறாய்.

முகம் தெளிவாக இருந்தால்? இத்தனை நாளாக என்னைப் போட்டுக் குழப்பியது இதுதான் கண்ணு, இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது. உனக்குப் பயம் இருந்தால் எனக்கு வேலை சுலபம். பயமில்லை என்று உன் முகத்தில் கண்டுவிட்டால் நான் விரலைத் திறந்துதான் ஆக வேண்டும். திறப்பேன், சத்தியமாகத் திறப்பேன். ஆனால் கையைத் தூக்கிவிட்டு நீ பட்டத்தைப் பார். அந்த நேரத்தில் என் முகத்தைப் பார்க்காதே.

அம்மா